குமரி அடுக்களையில் ஸ்லோ குக்கர்: குறைந்த செலவில் நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரவு 10 மணிக்கு ஒரு டம்ளர் சம்பா அரிசியும் அரை டம்ளர் சிறுபயறும் கழுவிப் போட்டு மூடிவிட்டுப் படுத்தால், விடிவதற்குள் வீடு முழுக்கக் கஞ்சி வாசம் வந்துவிடும். எங்கள் வீட்டுக்காரர் இருட்டோடு ரப்பர் பால் வெட்டப் போகிறவர். நான் குலசேகரத்திலிருந்து 7 மணிப் பஸ்ஸில் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போகிறவள். இரண்டு பிள்ளைகள், வயதான மாமியார். அடுப்புக்கு முன்னால் நின்று கிளற யாருக்கும் நேரமில்லாத வீடு இது. முந்திரி ஆலைக்குப் போகிற பெண்கள், கடைகளில் வேலை செய்கிறவர்கள், மீன் சந்தைக்கு விடியுமுன் கிளம்புகிறவர்கள் என்று இந்த மாவட்டத்தில் பாதி வீடுகள் இப்படித்தான் ஓடுகின்றன. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்லோ குக்கர் என்பது ஒரு பீங்கான் சட்டி, அதைச் சுற்றி மெதுவாகச் சூடேற்றும் ஒரு மின்சார உறை, மேலே ஒரு கண்ணாடி மூடி, அவ்வளவுதான். விசில் கிடையாது, ஆவி அழுத்தம் கிடையாது. நம் ஆச்சிமார் விறகடுப்பில் சமையல் முடித்தபின், கனலை ஒதுக்கி அதன்மேல் கஞ்சிப்பானையை வைத்துவிட்டு வயலுக்குப் போனார்களே, அதே வேலையைத்தான் இது செய்கிறது.

செலவைப் பற்றி முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 3.5 லிட்டர் குக்கர் ஒன்று சுமார் 200 வாட் எடுக்கும். 8 மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட். வாரத்துக்கு 3 தடவை வைத்தால் இரண்டு மாதத்தில் 40 யூனிட்டுக்குக் கொஞ்சம் அதிகமாக வரும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும், ஃப்ரிட்ஜும் மின்விசிறியும் உள்ள வீட்டில் அந்த 100 சுலபமாகத் தீர்ந்துவிடும். ஆகவே கேஸ் மிச்சமாகும் என்று நினைத்து மட்டும் இதை வாங்காதீர்கள். துவரம்பருப்பு வேகவைக்கப் பிரஷர் குக்கர்தான் மலிவு. ஸ்லோ குக்கரில் காசு மிச்சமாவது வேறு இடங்களில். விலை குறைந்த கடினமான இறைச்சித் துண்டு பஞ்சுபோல வெந்துவிடும். உலர்ந்த பயறும் கடலையும் வாரம் முழுக்கக் கறியாகும். களைத்துப்போய் வீட்டுக்கு வருகிற சாயங்காலத்தில், பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் நான்கு பேருக்குப் பரோட்டா வாங்குவது நின்றுபோகும். எங்கள் வீட்டில் பெரிய மிச்சம் அந்தக் கடைசி விஷயத்தில்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 3.5 லிட்டர் போதும். சட்டி பாதிக்குமேல் முக்கால் பாகத்துக்குள் நிறைந்திருந்தால்தான் இது ஒழுங்காக வேகவைக்கும். பெரியதாக வாங்கிக் கொஞ்சமாகச் சமைத்தால் ஓரம் தீய்ந்துபோகும்.

பொத்தானும் டிஜிட்டல் திரையும் உள்ள மாடல் பார்க்க அழகாக இருக்கும். நம் மாவட்டத்துக்குத் திருகுகிற குமிழ் உள்ளதையே நான் சொல்வேன். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நமக்கு உண்டு. ஒரு ரப்பர் மரக் கிளை கம்பியில் விழுந்தாலே கரண்ட் போய்விடும். குமிழ் மாடலில் கரண்ட் திரும்பி வந்ததும் குக்கர் தானாகத் தொடரும். டிஜிட்டல் மாடல்கள் பலவும் அணைந்தபடியே கிடக்கும். உள்சட்டியைத் தனியாக வெளியே எடுக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள். எடுக்க முடியாததைக் கழுவுவது பெரும்பாடு.

முதல் நாள்: வெறும் தண்ணீர்

வாங்கியதும் சமைத்துவிட வேண்டாம். சட்டியில் பாதிக்குமேல் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, ‘லோ’வில் 8 மணி நேரம் விடுங்கள். மூடியைத் திறந்த உடனே வெப்பமானியை வைத்துப் பாருங்கள். 85 முதல் 93 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் குக்கர் சரியாக இருக்கிறது. அதற்குக் கீழே என்றால் அதில் இறைச்சி வேகவைப்பது ஆபத்து, கடையில் திருப்பிக் கொடுங்கள். 5 முதல் 60 டிகிரி வரை உள்ள சூட்டில்தான் கிருமிகள் பெருகும். ஸ்லோ குக்கர் அந்த இடத்தை எவ்வளவு சீக்கிரம் தாண்டுகிறதோ அவ்வளவு நல்லது. இதனால்தான் நான் எப்போதும் கொதிநீர் ஊற்றித்தான் தொடங்குவேன்.

பீங்கான் சட்டி ஒரே நேரத்தில் சூட்டையும் குளிரையும் தாங்காது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சட்டியைச் சூடான உறைக்குள் இறக்கினாலும், சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும் விரிசல் விடும். கொதிநீரைக்கூட முதலில் கொஞ்சம் ஊற்றிச் சட்டியைச் சுழற்றி, அப்புறம் மீதியை ஊற்றுங்கள். முந்தின இரவே அரிந்து வைக்கிற காய்கறியையும் இறைச்சியையும் தனித்தனிப் பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சட்டியோடு வைக்க வேண்டாம்.

நம் சமையலை இதற்கு எப்படி மாற்றுவது

இந்தப் பகுதிதான் முக்கியம். சமையல் குறிப்பைக் காட்டிலும் இதைப் புரிந்துகொண்டால் உங்கள் வீட்டுக் கறி எதையும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

தண்ணீர். மூடியில் படிகிற ஆவி திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டும், வற்றாது. ஆகவே அடுப்பில் ஊற்றுகிற தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். கஞ்சிக்கும் பயறுக்கும் இது பொருந்தாது, அவை தண்ணீரைக் குடிப்பவை.

உள்ளி, அதாவது வெங்காயம். சின்ன உள்ளியோ பல்லாரியோ பச்சையாகப் போட்டால் எட்டு மணி நேரம் கழித்தும் பச்சை வாடை அடிக்கும். ஆவி வெளியேறாததால் அந்த வாடையும் போகாது. தேங்காய் எண்ணெயில் வதக்கி, மசாலாத் தூளையும் அதிலேயே ஒரு நிமிடம் புரட்டிப் போடுங்கள். அடுப்பில் இந்தப் பத்து நிமிட வேலையைத் தவிர்க்கக் கூடாது. எல்லாவற்றையும் அப்படியே கொட்டி மூடிவிடலாம் என்று சொல்கிற குறிப்புகளை நான் நம்புவதில்லை.

தேங்காய். நம் கறிகளின் உயிர் இதுதான், இந்தக் குக்கரில் முதலில் கெடுவதும் இதுதான். அரைத்த தேங்காயை அதிகாலையில் போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் எண்ணெய் தனியாக, திப்பி தனியாகத் திரிந்து நிற்கும். அரப்பு, அதாவது அரைத்த தேங்காய், எப்போதும் கடைசியில்தான். வீட்டுக்கு வந்ததும் கறியை அடுப்புக்கு மாற்றி, அரப்பு சேர்த்து, நுரைகட்டி வரும்போது இறக்கி, தாளித்துக் கொட்டுங்கள். தேங்காய்ப்பாலுக்கும் இதே வழிதான்.

புளி. வாளன்புளி, கொடம்புளி, மாங்காய், தக்காளி எதுவானாலும் பயறும் கடலையும் மெத்தென்று வெந்தபின்தான் சேர்க்க வேண்டும். புளிப்பு பட்டால் பயறின் தோல் இறுகிவிடும், பிறகு எத்தனை மணி நேரம் வைத்தாலும் வேகாது. முதல் மாதத்தில் நான் ஒரு சட்டிக் கடலையை இப்படித்தான் கெடுத்தேன்.

பட்டை, கிராம்பு, ஏலக்காயை வழக்கத்தில் பாதியாக்குங்கள். நேரம் ஆக ஆக அவற்றின் காரம் ஏறும். கருவேப்பிலை, நல்லமிளகுப் பொடி, மல்லியிலை எல்லாம் இறக்கும்போது போதும்.

நேரக் கணக்கும் சுலபம்தான். சாதாரணச் சட்டியில் அரை மணி நேரம் வேகிற பொருளுக்கு ‘லோ’வில் 4 முதல் 6 மணி நேரம், முக்கால் மணி என்றால் 6 முதல் 8, அதற்கு மேல் என்றால் 8 முதல் 10. ‘ஹை’யில் வைத்தால் அதில் பாதி. நடுவில் மூடியைத் திறந்து பார்க்கிற ஒவ்வொரு தடவையும் 20 முதல் 30 நிமிடம் கூடும். மாமியாருக்கு இதை விளக்கி, திறக்காமல் இருக்கப் பழக்குவதற்கு எனக்கு இரண்டு வாரம் ஆனது.

சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும்

முதலில் செய்து பார்க்க இதைவிட நல்லது இல்லை. 200 மில்லி டம்ளரால் சம்பா புழுங்கலரிசி 1, சிறுபயறு அரை, கொதிநீர் 9. அரை ஸ்பூன் வெந்தயம், ஆறு பல் பூண்டு. உப்பு இப்போது வேண்டாம். 3.5 லிட்டர் சட்டியில் இது மூன்றில் இரண்டு பங்கு வரை வரும். அதற்குமேல் ஊற்றினால் நுரை பொங்கி வழியும். இரவு 10 மணிக்கு ‘லோ’வில் போட்டால் காலை 5 மணிக்கு அரிசி மலர்ந்து, பயறு உருத்தெரியாமல் குழைந்திருக்கும்.

எழுந்ததும் குமிழை ‘வார்ம்’ பக்கம் திருப்புங்கள். உப்பும், அரை மூடித் தேங்காய்த் துருவலைச் சீரகத்தோடு ஒன்றிரண்டாக அரைத்து எடுத்ததும் இந்த நேரத்தில் சேர்க்கலாம். பால் வெட்டி முடித்து 9 மணிக்கு வருகிறவருக்கும் சூடாகவே கிடைக்கும். நான்கு மணி நேரத்துக்கு மேல் ‘வார்ம்’ வேண்டாம், அடியில் பிடிக்கும். தொட்டுக்கொள்ளக் காணத் (கொள்ளு) துவையல், இல்லையென்றால் சுட்ட நெத்தோலிக் கருவாடு. நான்கு பேர் வயிறாரச் சாப்பிட, அரிசி, பயறு, அரை மூடித் தேங்காய் தவிரச் செலவு ஒன்றுமில்லை.

பச்சரிசியும் கறுப்பு உளுந்தும் சம அளவு போட்டு உளுந்தங்கஞ்சியாகவும் செய்யலாம். அதற்கு 6 மணி நேரம் போதும். கருப்பட்டியைத் தனியாகக் காய்ச்சி, மண் போக வடிகட்டி, கடைசியில் ஊற்றுங்கள்.

கொண்டைக்கடலைத் தீயல்

இந்தச் சாதனம் பிறந்ததே பயறு வேகவைக்கத்தான். அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்பவர் 1940-இல் காப்புரிமை பெற்ற மெதுவடுப்பு, பிறகு ‘நாக்ஸன் பீனரி’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பீன்ஸ் என்ற சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. அவருடைய கம்பெனியை 1970-இல் ரைவல் நிறுவனம் வாங்கி, அடுத்த ஆண்டு ‘க்ராக் பாட்’ என்று பெயர் மாற்றி விற்றது. அப்புறம்தான் வேலைக்குப் போகும் பெண்களின் வீடுகளில் அது இடம்பிடித்தது.

கால் கிலோ கறுப்புக் கடலையை முந்தின இரவே ஊறவையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, குக்கருக்கு மாற்றுங்கள். கடலைக்கு மேல் இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிற்க வேண்டும். ‘லோ’வில் 8 மணி நேரம். நீங்கள் வேலை முடிந்து வரும்போது விரலால் நசுக்கினால் வெண்ணெய்போல மசியும்.

தீயலுக்கு வேண்டிய வறுத்தரைப்பை விடுமுறை நாளிலேயே செய்து வைத்துக்கொள்ளலாம். ஒரு மூடித் தேங்காய்த் துருவல், ஆறு சின்ன உள்ளி, ஆறு மிளகாய் வத்தல், இரண்டு மேசைக்கரண்டி மல்லி, அரை ஸ்பூன் நல்லமிளகு, ஒரு கொத்துக் கருவேப்பிலை. முதலில் தேங்காயையும் உள்ளியையும் இரும்புச் சட்டியில் சிறுதீயில் கிளறிக்கொண்டே இருங்கள். பொன்னிறம் தாண்டி, காப்பிக்கொட்டை நிறத்துக்கு வரும்போது மற்றவற்றைப் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி இறக்குங்கள். பொன்னிறத்தோடு நிறுத்தினால் தீயலுக்கு நிறமும் வராது, மணமும் வராது. ஒரு நொடி அதிகமானால் கசக்கும். அடுப்பை விட்டு நகரக் கூடாத இடம் இது ஒன்றுதான். ஆறியபின் தண்ணீர் விடாமல் எண்ணெய் கசியும்வரை அரைத்து, மூடிபோட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் நான்கைந்து நாள் நிற்கும்.

சாயங்காலம், சட்டியில் தேங்காய் எண்ணெய் விட்டுக் கடுகு, வத்தல் தாளித்து, ஒரு கைப்பிடிச் சின்ன உள்ளியை வதக்கி, நெல்லிக்காயளவு புளியைக் கரைத்து ஊற்றிப் பச்சை வாடை போகக் கொதிக்கவிடுங்கள். அதில் அரைப்பும், வெந்த கடலையும், அதன் தண்ணீரும் உப்பும் சேர்த்துப் பத்து நிமிடம். ஓரத்தில் எண்ணெய் தெளிந்து வந்தால் இறக்கலாம். மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும்.

கடின இறைச்சி

இதில்தான் ஸ்லோ குக்கர் தன் முழு மதிப்பையும் காட்டுகிறது. அதிகம் உழைத்த கால்சதையும் தோள்சதையும் விலையில் குறைவு. அவற்றில் உள்ள சவ்வு, சுமார் 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்காக இருந்தால் கரைந்து குழம்பையே கெட்டியாக்கும். கொழுப்பில்லாத நல்ல துண்டு இதில் வறண்டுபோகும். அதனால் மலிவானதையே கேட்டு வாங்குங்கள்.

முக்கால் கிலோ மாட்டிறைச்சிக்கு இரண்டு பல்லாரி, ஒரு கை தேங்காய்க்கொத்து, இஞ்சி பூண்டு விழுது, இரண்டு மேசைக்கரண்டி மல்லித்தூள், ஒன்று மிளகாய்த்தூள், மஞ்சள். எல்லாவற்றையும் வதக்கி, இறைச்சியையும் அதிலேயே நிறம் மாறும்வரை புரட்டுங்கள். குக்கரின் அடியில் உருளைக்கிழங்கு, அதன்மேல் இறைச்சி. கிழங்கு இறைச்சியைவிட மெதுவாக வேகும் என்பதால் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அரை டம்ளர் கொதிநீர், உப்பு, ‘லோ’வில் 8 மணி நேரம். ஃப்ரீசரில் உறைந்த இறைச்சியை ஒருபோதும் நேராகப் போடாதீர்கள். முந்தின நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இளகவிடுங்கள்.

பாதியை அன்றிரவு சோற்றுக்குக் குழம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். மீதியை ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் இரும்புச் சட்டியில் நல்லமிளகும் கருவேப்பிலையும் போட்டு வரட்டினால் இரண்டாவது வேளைக்கு ஆச்சு. மாட்டிறைச்சி சேர்க்காதவர்கள் ஆட்டெலும்பிலோ முட்டையிட்டு ஓய்ந்த நாட்டுக்கோழியிலோ இதையே செய்யலாம். பிராய்லர் கோழிக்கு 4, 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, நார் நாராகிவிடும்.

சக்கைக் (பலாப்பழக்) காலத்தில் கொட்டையை வீணாக்காதீர்கள். வெள்ளைத் தோலை உரித்து, நீளவாக்கில் பிளந்து, ‘ஹை’யில் 4 மணி நேரம். வெந்தபின் மாங்காயும் தேங்காய் அரப்பும் சேர்த்தால் ஒரு கறி.

இதில் போடக் கூடாதவை

மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கு. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்துப் பரப்பிய பயிர் இது. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் நம் முன்னோர் உயிர் பிழைத்ததே இதனால்தான். ஆனால் கிழங்கில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது, அதிலிருந்து சயனைடு உண்டாகும். நிறையத் தண்ணீரில் திறந்து கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரை ஊற்றிக் களைவது நம் வழக்கம், காரணமும் இதுதான். மூடிய ஸ்லோ குக்கரில் ஆவியும் போகாது, தண்ணீரும் மாறாது. கிழங்கை அடுப்பிலேயே அவித்து, வடித்து, மசியுங்கள்.

சிவப்பு ராஜ்மா இன்னொன்று. அதில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சு உண்டு. அரைவேக்காட்டுச் சூட்டில் அது அழியாது, பச்சையைவிடக் கெடுதலாகக்கூட ஆகலாம். தின்ற சில மணி நேரத்தில் கடும் வாந்தி வரும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டபின்தான் குக்கரில் போட வேண்டும். 10 நிமிடம் என்பது கட்டாயம், நான் அரை மணி நேரம் விடுவேன். இந்தப் பழக்கத்தை எல்லாப் பயறுக்கும் வைத்துக்கொண்டால் யோசிக்கவே வேண்டாம்.

மீன் பத்து நிமிடத்தில் வேகிற பொருள். குளச்சலிலிருந்தோ முட்டத்திலிருந்தோ வந்த சாளையையும் அயிலையையும் மண்சட்டியிலேயே வையுங்கள். கீரையும் அப்படித்தான்.

கரண்ட் போனால், மிச்சம் இருந்தால்

நீங்கள் வீட்டில் இருக்கும்போது கரண்ட் போனால், உடனே அடுப்புக்கு மாற்றிச் சமைத்து முடியுங்கள். ஏற்கெனவே முழுதும் வெந்துவிட்டது என்றால் மூடியைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் வரை விடலாம். வெளியே போயிருந்தீர்கள், எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை, பார்க்க வெந்ததுபோல இருக்கிறது என்றால் கொட்டிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனாலும் கொட்டுங்கள். குமிழ் மாடலில் கரண்ட் வந்து போனதே தெரியாது என்பதால், சுவரில் கரண்டில் ஓடும் சின்னக் கடிகாரம் ஒன்றைச் செருகி வைத்திருக்கிறேன். அது நேரம் பிந்திக் காட்டினாலோ, மறுபடி பூஜ்யத்திலிருந்து மின்னினாலோ விஷயம் புரிந்துவிடும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி அடித்தபோது நம் ஊர்களில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை. மழை எச்சரிக்கை உள்ள நாளில் நான் இதைத் தொடுவதில்லை.

மிச்சத்தைச் சட்டியோடு ஃப்ரிட்ஜில் வைக்காமல், இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். திரும்பச் சூடாக்குவது அடுப்பில்தான். ஸ்லோ குக்கரில் சூடாக்கினால் கிருமி பெருகும் சூட்டில் நெடுநேரம் கிடக்கும்.

குக்கர் வாங்கப் பணம் சேரும்வரை

நம் பக்கத்திலும் கேரளத்திலும் சிலர் இன்றும் பயன்படுத்துகிற சூடாறாப் பெட்டி இருக்கிறதே, அது போதும். மூடியுள்ள தெர்மோகோல் பெட்டி, அதற்குள் பழைய போர்வை. இறுக்கமாக மூடும் பாத்திரம் முக்கால் பாகத்துக்குமேல் நிறையும்படி அரிசியும் தண்ணீரும் போட்டு, அடுப்பில் 15 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல் அப்படியே பெட்டிக்குள் இறக்கிப் போர்வையைச் சுற்றுங்கள். சம்பா அரிசிக்கு ஒன்றரை மணி நேரம். கொஞ்சமாக வைத்தால் சூடு நிற்காது, பாத்திரம் நிறைந்திருக்க வேண்டும். திறக்கும்போது ஆவி பறக்கவில்லை என்றால் அடுப்பில் ஒருமுறை கொதிக்கவைத்த பிறகே பரிமாறுங்கள். இறைச்சியை மட்டும் இந்தப் பெட்டியில் வைக்காதீர்கள்.